எட்டு நூல் ஒரு இஞ்ச்

2018 ஏப்ரல் மாதம். இடவப்பாதி மழை இறங்குவதற்குள் கூரையை முடித்துத் தர வேண்டும் என்று பாலக்காட்டுச் சித்தூர்ப் பக்கம் ஒரு வீட்டுக்காரர் கேட்டார். மேஸ்திரியிடம் 18 வருடம் வேலை பார்த்துவிட்டு, நான் தனியாக எடுத்த முதல் டிரஸ் வேலை அது. மொட்டைமாடிக்கு மேல் இரும்புச் சட்டம் வைத்து ஷீட் போடுவது. இறவாரமும் சேர்த்து 24 அடி அகலம், 30 அடி நீளம். மேஸ்திரி சொல்லித்தந்த கணக்கு எனக்கு மனப்பாடம். தரையை அள, அதில் பத்தில் ஒரு பங்கைக் கூட்டு, அதுதான் கூரை. 24 × 30 என்றால் 720. அதோடு 72. ஆக 792 சதுர அடி. அதை வைத்து ஷீட், பைப், கூலி எல்லாவற்றுக்கும் ஒரே தொகையாகச் சொல்லி அட்வான்ஸ் வாங்கிவிட்டேன்.

வீட்டுக்காரருக்குப் பழைய ஓட்டு வீடு மாதிரி நல்ல சரிவு வேண்டும். நடுமுகடு 9 அடி உயரம் என்றார். சரி என்று சொல்லிவிட்டேன். சட்டத்தைத் தரையில் சாக்பீஸால் வரைந்து, அந்தக் கோட்டின்மேல் பைப்பை வைத்து வெட்டுவதுதான் எங்கள் வழக்கம். அதனால் சட்டம் சரியாகவே வந்தது. ஷீட்தான் வரவில்லை. ஒரு பக்கம் முழுக்க மூடி, மறுபக்கம் முக்கால்வாசி போனபோது கட்டு காலி. வீட்டுக்காரர் அண்ணாந்து பார்த்தார். "ஷீட்டு தீர்ந்நல்லோ மேஸ்திரி, இனி எந்து செய்யும்?" என்று கேட்டார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

மீதி ஷீட்டை என் கைக்காசில் வாங்கிப் போட்டேன். அந்த வேலையில் எனக்கு ஒன்றும் மிஞ்சவில்லை. காசு போனது ஒரு பக்கம். 18 வருடம் பொய்க்காத கணக்கு இந்த வீட்டில் மட்டும் ஏன் பொய்த்தது என்று தெரியாமல் பல ராத்திரி தூக்கம் வரவில்லை.

ஜூனில் மகள் ஒன்பதாம் வகுப்புக்குப் போனாள். நாங்கள் இருப்பது கொழிஞ்சாம்பாறைக்குப் பக்கத்தில், கேரளத்தில். அவள் படித்தது எல்லை தாண்டித் தமிழ்நாட்டுப் பள்ளியில். அந்த வருடம்தான் தமிழ்நாட்டில் ஒன்பதாம் வகுப்புக்குப் புதுப் புத்தகம் வந்திருந்தது. ஒரு நாள் ராத்திரி அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கூரையைப் பற்றிச் சொன்னேன்.

"பாதி அகலம் எவ்வளவுப்பா?"

"பன்னெண்டு, கண்ணு."

"உசரம்?"

"ஒம்பது."

நோட்டின் ஓரத்தில் ஒரு முக்கோணம் வரைந்தாள். 12-ஐ 12-ஆல் பெருக்கி 144. 9-ஐ 9-ஆல் பெருக்கி 81. கூட்டினால் 225. "எதை அதாலயே பெருக்குனா 225 வரும்? பதினஞ்சு. ஒரு பக்கச் சரிவு 15 அடி. ரெண்டு பக்கமும் 30. நீளம் 30. அப்போ 900 சதுர அடிப்பா" என்றாள். 900-இலிருந்து 792-ஐக் கழித்தேன். 108. கைக்காசில் நான் வாங்கிப் போட்டது அவ்வளவுதான்.

அதற்கடுத்து அவள் சொன்னதுதான் என்னை அசைத்துவிட்டது. "இது சும்மா மூணு, நாலு, அஞ்சுதான்பா. எல்லாத்தையும் மூணால பெருக்கியிருக்கு."

மூணு நாலு அஞ்சு! அன்றைக்குக் காலையில்கூட ஒரு வீட்டுக்குத் தூண் மார்க் பண்ணும்போது நான் அதைத்தான் செய்திருந்தேன். ஒரு கயிற்றில் 3 அடி, இன்னொரு கயிற்றில் 4 அடி. இரண்டு முனைக்கும் நடுவே 5 அடி இருந்தால் மூலை சுத்தம். கட்டட வேலை செய்கிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அதைத் தரையில் படுத்துக்கிடக்கும் மூலையாகவே 18 வருடம் பார்த்திருக்கிறேன். அதை எழுப்பி நிறுத்தினால் கூரைச் சரிவு என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

மேஸ்திரியின் கணக்கு தப்பா என்பதை அப்புறம் நானே போட்டுப் பார்த்தேன். அவர் போட்ட கூரையெல்லாம் தாழ்வான சரிவு. 24 அடி வீட்டுக்கு முகடு 5 அடிக்கு மேல் வைக்க மாட்டார். 12-க்கும் 5-க்கும் சரிவு சரியாக 13 அடி. 12 இருந்த இடத்தில் 13, அதாவது நூற்றுக்கு எட்டு சொச்சம் கூடுதல். அவர் பத்து வைத்தார். வெட்டுக்கழிவு உட்பட எல்லாம் அதில் அடங்கிவிடும். சரிவு ஏறினால் அந்தப் பத்து பத்தாது. 9 அடி முகட்டுக்கு நூற்றுக்கு 25 வேண்டும். 12 அடி முகடு என்றால் 41-ஐத் தாண்டும். அவர் தந்தது நல்ல கணக்கு. அது எந்த இடம்வரை செல்லும் என்பதை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அன்று ராத்திரி முடிவுசெய்தேன், கணக்கை முதலிலிருந்து படிப்பது என்று. அப்போது எனக்கு வயது 36.

பள்ளிக்கூடத்தில் எனக்குக் கணக்கு வராது. வராது என்று ஆனது எந்த நாளில் என்றுகூட என்னால் சொல்ல முடியும். ஏழாம் வகுப்புவரை தமிழில்தான் படித்தேன். கணக்கில் நல்ல மார்க் வாங்கிய பையன். 1995-இல் அப்பாவுக்கு ஆலத்தூர்ப் பக்கம் ஒரு ரைஸ் மில்லில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு அங்கே போனோம். எட்டாம் வகுப்பு மலையாளத்தில். பேசுவதற்கு எனக்கு மலையாளம் தடையில்லை, எங்கள் ஊரில் இரண்டும் கலந்துதானே காதில் விழும். படிப்பதற்கும் சமாளித்துவிடலாம் என்று வீட்டில் நினைத்தார்கள்.

முதல் வாரமோ இரண்டாம் வாரமோ, போர்டில் ஒரு கணக்கு. ஒரு சதுரத்தின்றெ நீளம் 6 மீட்டர், வீதி 4 மீட்டர், பரப்பளவு எத்ர? எனக்கு எல்லாச் சொல்லும் புரிந்தது. அதுதான் வினை. சதுரம் தெரியும். நீளம் தெரியும். பரப்பளவும் தெரியும். வீதியும் தெரியும். 6 மீட்டர் சதுரம், அதைச் சுற்றி 4 மீட்டரில் ஒரு தெரு. ஏழாம் வகுப்பில் தோட்டத்தைச் சுற்றி நடைபாதை போடும் கணக்கு எத்தனை போட்டிருப்பேன்! வெளிப்பக்கம் 6-உம் 4-உம் 4-உம் சேர்ந்து 14. 14 × 14 = 196. உள்ளே 36. கழித்தால் 160. தெருவின் பரப்பளவு 160 சதுர மீட்டர் என்று படம் போட்டு எழுதிக்கொண்டு போய் நீட்டினேன்.

மலையாளத்தில் சதுரம் என்றால் நம்முடைய செவ்வகம். நம்முடைய சதுரத்துக்கு அங்கே சமசதுரம் என்று பெயர். வீதி என்றால் அகலம். விடை 24. வகுப்பு சிரித்தது. ஆசிரியர் என் படத்தின் குறுக்கே ஒரு கோடு போட்டார். ஐம்பது பிள்ளைகளில் ஒருவன் ஏன் 160 எழுதினான் என்று நின்று கேட்க அவருக்கு நேரம் இருந்திருக்காது. நானும் சொல்லவில்லை. எனக்கே தெரியாததை எப்படிச் சொல்வது?

அதிலிருந்து ஒவ்வொரு சொல்லையும் சந்தேகப்பட ஆரம்பித்தேன். பெருக்கல் குணனம் ஆனது, வகுத்தல் ஹரணம் ஆனது, சமன்பாடு சமவாக்கியம் ஆனது. அவை புதுச் சொற்கள், மனப்பாடம் செய்துவிடலாம். பின்னத்தின் பகுதியை அங்கே சேதம் என்பார்கள். கணக்கில் எங்கே சேதம் வந்தது என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே கணக்கு முடிந்து அடுத்த கணக்குக்குப் போயிருப்பார்கள். நீளம், பரப்பளவு, ஆரம், வர்க்கம் எல்லாம் இரண்டு பக்கமும் ஒன்றுதான். முழுக்க வேறு மொழியாக இருந்திருந்தால் தெரியாது என்று தெரிந்திருக்கும். பாதி ஒன்றாக இருந்ததால் தெரிந்ததாகவே நினைத்து விழுந்தேன். எல்லையில் பள்ளி மாறும் பிள்ளைகளைப் பற்றி "இவனுக்குக் கணக்கு வராது" என்று யாராவது சொல்லக் கேட்டால் இன்றைக்கும் எனக்கு நெஞ்சு பதறுகிறது. அந்தப் பிள்ளை என்ன படம் போட்டிருக்கிறது என்று ஒரு தடவை பாருங்கள்.

அந்தக் காலத்துக் கேரள எஸ்.எஸ்.எல்.சி.யில் 600-க்கு 210 எடுத்தால் பாஸ். ஒவ்வொரு பாடத்திலும் தனித்தனியாகத் தேற வேண்டியதில்லை. 1998-இல் கணக்கில் ஒற்றை இலக்க மார்க்கோடு நான் பாஸ். வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. ஆனால் திரும்பிப் போய்க் கணக்கைக் கற்றுக்கொள்ள வேண்டிய கட்டாயமும் அதோடு போய்விட்டது.

சரி, 36 வயதுக்கு வருகிறேன்.

முதலில் மகளின் ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தைத்தான் எடுத்தேன். ஒரு மாதம் வீண். எடுத்துக்காட்டுக் கணக்கையெல்லாம் பேப்பர் படிப்பதுபோல் படித்தேன். ஒவ்வொரு வரியும் சரியாகத்தான் இருக்கிறது, தலையாட்டிக்கொண்டே போகலாம். கீழே பயிற்சியில் முதல் கணக்கைப் போட உட்கார்ந்தால் கை ஓடாது. அப்புறம் எட்டாம் வகுப்புக்கு இறங்கினேன், ஏழுக்கு இறங்கினேன், கடைசியில் ஆறாம் வகுப்பில் போய்த்தான் கால் தரையில் பட்டது. தமிழ்நாட்டுப் பாடப்புத்தகங்களை இணையத்தில் காசில்லாமல் இறக்கிக்கொள்ளலாம். பொள்ளாச்சியில் ஒரு கடையில் ஆறிலிருந்து எட்டுவரை பிரிண்ட் போட்டுச் சுருள்கம்பி கோத்துக்கொண்டேன். சாப்பிட்டு முடித்து ஒன்பதரைக்கு உட்கார்ந்தால் பதினொன்று வரை. ஓவர்டைம் இருந்த நாட்களில் அரைமணி நேரம். எடுத்துக்காட்டை முதலில் கையால் மூடிவிட்டு நானே போட்டுப் பார்ப்பேன். முட்டினால் ஒரு வரி மட்டும் திறந்து பார்த்துவிட்டு மறுபடியும் மூடிவிடுவேன். ஒரு பக்கத்துக்கு மூன்று நாள் ஆன சமயம் உண்டு.

ஆறாம் வகுப்பில் என்னை நிறுத்தியது பின்னம். அரையோடு எட்டில் மூன்றைக் கூட்டு என்று இருந்தது. பகுதியைச் சமமாக்க வேண்டும் என்று புத்தகம் சொல்கிறது. எதற்குச் சமமாக்க வேண்டும்? மேலேயும் கீழேயும் ஏன் ஒரே எண்ணால் பெருக்க வேண்டும்? இரண்டு ராத்திரி அதிலேயே போனது. மூன்றாம் நாள் காலையில் சைட்டில் ஒரு தகட்டை அளந்துகொண்டிருந்தேன். அரை இஞ்ச் கனத்தில் ஒன்று, அதன்மேல் மூணு நூல் தகடு ஒன்று, இரண்டையும் சேர்த்து போல்ட் முடுக்க வேண்டும். உதவியாளப் பையனிடம் "ஏழு நூல் தாண்டின போல்ட் எடு" என்றேன். சொன்ன வாய் அப்படியே நின்றது.

எங்கள் தொழிலில் ஒரு இஞ்சுக்கு எட்டு நூல். டேப்பில் இஞ்சுக்குள் இருக்கும் எட்டுக் கோட்டைத்தான் நூல் என்போம். மூணு நூல் கம்பி, நாலு நூல் கம்பி என்றால் சிமெண்ட் கடையில் எல்லோருக்கும் புரியும். அரை இஞ்ச் என்பது நாலு நூல். நாலு நூலும் மூணு நூலும் ஏழு நூல். எட்டில் ஏழு. இரண்டு ராத்திரி புரியாத கணக்கை நான் யோசிக்காமலே போட்டு வாயாலும் சொல்லிவிட்டேன். பகுதியைச் சமமாக்குவது என்றால் எல்லாவற்றையும் நூலாக மாற்றுவது, அவ்வளவுதான். அரையும் எட்டில் மூன்றும் வெவ்வேறு அளவுகோலில் நிற்கின்றன. ஒரே அளவுகோலுக்குக் கொண்டுவந்தால் எண்ணிக் கூட்டிவிடலாம்.

அன்று மத்தியானம் சாப்பிடும்போது இன்னொன்று தோன்றியது. மூன்றில் ஒரு இஞ்ச்சை நூலில் சொல்ல முடியாதே? எட்டை மூன்றாகப் பங்கிட்டால் மீதி நிற்கிறது. அப்படியானால் இஞ்சை 24 கோடாகப் பிரித்த ஒரு டேப் வேண்டும். அதில் மூன்றில் ஒன்று 8 கோடு, எட்டில் மூன்று 9 கோடு, ஆகமொத்தம் 17. மீச்சிறு பொது மடங்கு என்று புத்தகம் சொல்வது அந்த டேப்பைத்தான். இரண்டு பின்னமும் கோட்டின்மேல் சரியாக உட்காரும்படி, இருப்பதிலேயே குறைந்த கோடுகளோடு ஒரு டேப். நான் இதுவரை மேலோட்டமாகப் பார்த்து வந்த சொல்லுக்கு இவ்வளவு தெளிவான பொருள் இருந்திருக்கிறது. ஆறாம் வகுப்புப் புத்தகத்தை அன்றைக்குப் பிடித்த மாதிரி நான் எந்தப் புத்தகத்தையும் கையில் பிடித்ததில்லை.

குறை எண்ணைக் குறை எண்ணால் பெருக்கினால் ஏன் நிறை எண் வருகிறது என்பது அடுத்த முட்டுக்கட்டை. கடன், லாபம் என்று பலர் சொல்லும் விளக்கம் எனக்கு ஒட்டவில்லை. ஷீட் கட்டின்மேல் சாக்பீஸால் வரிசையாக எழுதிப் பார்த்ததும் ஒட்டியது. 3 × (−2) = −6. 2 × (−2) = −4. 1 × (−2) = −2. 0 × (−2) = 0. ஒவ்வொரு படியிலும் விடை 2 ஏறுகிறது. அடுத்த படி (−1) × (−2). ஏறிக்கொண்டே வந்த படி திடீரென்று இறங்குமா? 2 என்றுதான் வர வேண்டும். கணக்கில் விதி என்று சொல்வது யாரோ போட்ட உத்தரவு இல்லை, வரிசை குலையாமல் இருக்க வேறு வழி இல்லாததால் வந்தது என்று அப்போது புரிந்தது.

எட்டாம் வகுப்பு முடிய ஏழு மாதம் ஆனது. அதற்குள் மகள் பத்தாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். 2019-இல் அதற்கும் புதுப் புத்தகம். நான் ஒன்பதில் இருந்தேன், அவள் பத்தில். கணங்கள், புள்ளியியல் எல்லாவற்றையும் வேகமாகத் தாண்டினேன், அதில் எனக்கு மனம் நிற்கவில்லை. மனம் நின்றது வடிவியலிலும் இயற்கணிதத்திலும்தான்.

இயற்கணிதம் என்றால் எக்ஸ். எக்ஸைக் கண்டுபிடி என்று புத்தகம் கேட்கும். எதற்குக் கண்டுபிடிக்க வேண்டும் என்று எனக்குள் ஒரு முணுமுணுப்பு இருந்துகொண்டே இருந்தது. ஒரு ஜன்னல் அதை அடக்கியது. 4 அடி அகல ஜன்னலுக்கு மேல் வில் வளைவாக ஒரு கிரில், நடுவில் உயரம் 1 அடி. வளைவின் மையம் எங்கே என்று தெரிந்தால்தான் பட்டையைச் சரியாக வளைக்க முடியும். வழக்கமாகத் தரையில் ஒரு ஆணி அடித்து, நூல் கட்டிச் சுற்றிப் பார்ப்போம். வளைவு இரண்டு மூலையையும் உச்சியையும் தொடும்வரை ஆணியைப் பிடுங்கிப் பிடுங்கி முன்னும் பின்னும் அடிப்போம். அரைமணி நேரம் போகும்.

அந்தத் தடவை ஆணி அடிக்கவில்லை. ஆரம் தெரியாது, அதற்கு ஆ என்று பெயர் வைத்தேன். மையத்திலிருந்து வளைவின் உச்சிக்கு ஆ. மையத்திலிருந்து ஜன்னல் மூலைக்கும் அதே ஆ. உச்சியிலிருந்து ஜன்னலின் மேல்கோட்டுக்கு 1 அடி என்பதால், மையத்திலிருந்து மேல்கோட்டுக்கு ஆ−1. ஜன்னலில் பாதி 2 அடி. இதோ ஒரு செங்கோண முக்கோணம்: சாய்ந்த பக்கம் ஆ, மற்ற இரண்டும் ஆ−1, 2. ஆ-வின் வர்க்கமும், (ஆ−1)-இன் வர்க்கத்தோடு 4-ஐக் கூட்டியதும் சமம். அதை விரித்தால் ஆ-வின் வர்க்கம், கழித்தல் 2ஆ, கூட்டல் 1, கூட்டல் 4. இரண்டு பக்கமும் ஆ-வின் வர்க்கம் இருக்கிறது; அடித்துவிடலாம். மிச்சம் 2ஆ = 5. ஆரம் இரண்டரை அடி.

அந்த வர்க்கம் இரண்டு பக்கத்திலிருந்தும் விழுந்துபோன இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்தது. பயமுறுத்திக்கொண்டு நின்றது ஒரு கோட்டில் காணாமல் போய்விட்டது. ஒரே ஆணி, ஒரே அடி. நூலைச் சுற்றினேன், மூலையைத் தொட்டது, உச்சியைத் தொட்டது, மறு மூலையையும் தொட்டது. அப்புறம்தான் கவனித்தேன். ஒன்றரை, இரண்டு, இரண்டரை. மறுபடியும் மூணு நாலு அஞ்சில் பாதி.

அந்த மூணு நாலு அஞ்சு ஏன் அப்படி இருக்கிறது என்பதற்குப் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில் நிரூபணம் இருக்கிறது. முக்கோணத்துக்குள் ஒரு செங்குத்துக்கோடு போட்டு, வடிவொத்த முக்கோணங்களை வைத்துச் செய்வது. அதைப் புரிந்துகொண்டேன், ஆனாலும் கையால் தொட்டுப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. கழிவுத் தகட்டில் 3 இஞ்சும் 4 இஞ்சும் உள்ள செங்கோண முக்கோணம் நான்கு வெட்டினேன். 7 இஞ்ச் சதுரம் ஒன்று வரைந்து, நான்கையும் மூலைக்கு ஒன்றாக, ஒன்றின் நீளப் பக்கத்தின் முனையில் அடுத்ததன் குட்டைப் பக்கம் தொடங்கும்படி வைத்தேன். நடுவில் சாய்ந்த ஒரு சதுரம் காலியாகக் கிடந்தது. 7 இஞ்ச் சதுரம் 49. ஒரு முக்கோணம் 6, நான்கும் 24. 49-இல் 24 போனால் 25. நடுவில் இருப்பது 5 இஞ்ச் சதுரம். 3-க்கும் 4-க்கும் பதிலாக எந்த அளவை வைத்தாலும் இதே கதைதான் என்பது அந்தத் தகடுகளைப் பார்த்தாலே தெரிகிறது. அந்த நான்கு துண்டும் இன்னும் என் டூல் பெட்டியில் இருக்கின்றன.

கணக்கில் வரும் தமிழ்ச் சொற்களையும் இப்போது நின்று பார்க்கிறேன். விட்டம் என்றால் சுவருக்குச் சுவர் போகும் உத்தரக்கட்டை என்றுதான் எனக்கு முதலில் தெரியும். வட்டத்துக்கு விட்டமும் அதேதான், ஒரு ஓரத்திலிருந்து நடுவழியாக மறு ஓரத்துக்குப் போவது. அந்தச் சொல் எனக்குச் சிறு வயதிலேயே கூரையில் படம் காட்டியிருக்கிறது.

மலையாளத்தின் மேல் எனக்கு வருத்தம் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்பு முடித்து பதினொன்றைத் தொட்ட சமயத்தில் சங்கமகிராமத்து மாதவன் என்ற கேரளக் கணித அறிஞரைப் பற்றித் தெரிந்துகொண்டேன். சுமார் 1340-இலிருந்து 1425 வரை வாழ்ந்தவர். சங்கமகிராமம் என்பது திருச்சூருக்குத் தெற்கே இருக்கும் இரிஞ்ஞாலக்குடா என்று பெரும்பாலோர் சொல்கிறார்கள். எங்கள் ஊரிலிருந்து காலையில் பஸ் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் போய்விடலாம். வட்டத்தின் சுற்றளவுக்கும் விட்டத்துக்கும் உள்ள விகிதத்தை, பை என்கிறோமே, அதை முடிவில்லாத ஒரு கூட்டலாக அவர் எழுதினார். ஒன்று, அதில் மூன்றில் ஒன்றைக் கழி, ஐந்தில் ஒன்றைக் கூட்டு, ஏழில் ஒன்றைக் கழி, இப்படியே போய்க்கொண்டிரு. வருவதை நான்கால் பெருக்கினால் பை. ஐரோப்பாவில் லைப்னிட்ஸ் என்ற கணித அறிஞர் இதே தொடரைக் கண்டது 1670-களில்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் கால்குலேட்டரை வைத்துக்கொண்டு போட்டுப் பார்த்தேன். முதல் உறுப்போடு நின்றால் 4. இரண்டு உறுப்பு, 2.667. மூன்று, 3.467. மேலேயும் கீழேயும் ஊஞ்சல் ஆடுகிறது. பத்து உறுப்பு போட்டபிறகும் 3.0418 தான். இவ்வளவு மெதுவாகப் போனால் எப்போது சேர்வது? மாதவனுக்கும் அது தெரிந்திருக்கிறது. நிறுத்தும் இடத்தில் ஒரு திருத்தம் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அந்தத் திருத்தங்களில் ஆக எளியது இது: பத்தாவது உறுப்பில் நிறுத்தினால் பத்தில் ஒன்றைக் கூட்டு. கூட்டினேன். 3.1418. நம்ப முடியாமல் இருபது உறுப்புவரை போனேன், 3.0916. அதில் இருபதில் ஒன்றைக் கூட்டினால் 3.1416. வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

மாதவனின் மாணவர் வரிசையில் வந்த ஜ்யேஷ்டதேவர் சுமார் 1530-இல் யுக்திபாஷா என்ற நூலை எழுதினார். கணிதம் என்றால் சமஸ்கிருதச் சுலோகம் என்று இருந்த காலத்தில் அவர் அதை மலையாள உரைநடையில் எழுதினார். விதியை மட்டும் சொல்லிவிட்டுப் போகாமல், அது ஏன் அப்படி என்ற யுக்தியைப் படிப்படியாகச் சொன்னார். தன் ஊர்ப் பேச்சில் ஏன் என்று விளக்க வேண்டும் என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. நான் எட்டாம் வகுப்பில் தொலைந்துபோன அதே மொழியில்! அந்த 160-ஐ நினைத்துக்கொண்டேன். 14 × 14 − 6 × 6. சரியாகத்தான் போட்டிருந்தேன். கேட்ட கணக்கு வேறு, அவ்வளவுதான். கேட்டதைவிடக் கடினமான கணக்கைப் போட்டுச் சரியாக விடையும் எழுதியவன்தான் அந்தப் பையன். அவனிடம் யாராவது அதைச் சொல்லியிருக்கலாம். இப்போது நான் சொல்லிக்கொள்கிறேன்.

போன மாதம் வேலந்தாவளத்தில் ஒரு வேலை வந்தது. நாலு பக்கமும் சரிகிற கூரை. நடுமுகட்டிலிருந்து வீட்டின் நாலு மூலைக்கும் நாலு மூலைச்சட்டம் இறங்க வேண்டும். இறவாரத்தையும் சேர்த்துப் பாதி அகலம் 12 அடி, உயரம் 9 அடி. பழைய எதிரி, அதே அளவு. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று எங்கள் பக்கம் ஆடி மாதத்தில் எப்படி அடிக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். மூலைச்சட்டத்தின் நடுவில் வெல்டிங் ஜாயிண்ட் வைப்பது எனக்குப் பிடிக்காது. ஆனால் கடையில் வரும் பைப் 6 மீட்டர்தான். 20 அடி என்று பேச்சுக்குச் சொல்வோம். உண்மையில் 19 அடி 8 இஞ்சும் ஏறக்குறைய 2 நூலும்.

சைட்டுக்குப் போகாமல், தரையில் கோடு போடாமல், சாப்பிட்ட தட்டைத் தள்ளிவைத்துவிட்டுக் கணக்குப் போட்டேன். சாதாரணச் சட்டம் 15 அடி, அது 2018-லேயே தெரிந்துவிட்டது. அந்த 15 அடிச் சட்டம் இறவாரத்தைத் தொடும் இடத்திலிருந்து மூலை 12 அடி தள்ளி இருக்கிறது, செங்கோணமாக. அப்படியானால் முதல் முக்கோணத்தின் சாய்ந்த பக்கமே இரண்டாவது முக்கோணத்துக்கு ஒரு பக்கம். 225-உம் 144-உம் 369. வர்க்கமூலம் 19.21. அடி, இஞ்ச், நூலில் சொன்னால் 19 அடி 2 இஞ்ச் 4 நூல். ஒரே பைப்பில் ஜாயிண்ட் இல்லாமல் வந்துவிடும். நாலு முழு பைப்புக்கு மட்டும் ஆர்டர் கொடுத்தேன். வீட்டுக்காரர், "எதுக்கும் ஒண்ணு கூட வாங்கி வெச்சுக்கலாமுங்களா?" என்று கேட்டார். "வேண்டாமுங்க" என்றேன்.

முதல் பைப்பை வெட்டி மேலே ஏற்றி முகட்டில் வைத்தோம். கீழ் முனை மூலையில் வந்து உட்கார்ந்தது. வெட்டியெடுத்த துண்டைப் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மகள் இப்போது கல்லூரியில், அன்றைக்கு லீவில் வந்திருந்தாள். டேப்பை எடுத்து மேல் விளிம்போடு வைத்துப் பார்த்தாள்.

"அஞ்சு இஞ்ச். நாலு நூலுக்கு மேல கொஞ்சம் இருக்குப்பா."

நோட்டில் நான் எழுதிவைத்திருந்தது 5 இஞ்ச், 5 நூலுக்கு மேல் கொஞ்சம். அந்த ஒரு நூல் கட்டிங் வீல் தின்றது.